கணக்கில் வராத பெண்கள், கேட்கப்படாத சம்மதம்

மகாராஷ்டிர மாநிலம் ஷிரூரில் அரசு நடத்திய பெண்கள் விடுதி ஒன்று இருந்தது. அன்றைய அரசு ஏடுகளின் மொழியில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ எனப்பட்ட பெண்கள் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தனர். 1994 பிப்ரவரியில் அவர்களுள் பலர் புனே நகரின் சசூன் பொது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அங்கே அவர்களுடைய கருப்பைகள் அகற்றப்பட்டன. நோய் காரணமாகக் காட்டப்படவில்லை. மாதவிடாய் நாட்களில் தம்மைத் தூய்மையாக வைத்துக்கொள்ள இவர்களால் இயலவில்லை என்பதே முன்வைக்கப்பட்ட காரணம். பாலியல் வன்முறைக்கு ஆளானாலும் கருத்தரிக்க மாட்டார்கள் என்ற வாதமும் அதனோடு சேர்ந்து ஒலித்தது. மகளிர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பிய பின்னரே அறுவைகள் நிறுத்தப்பட்டன.

இதனை ஏதோ ஒரு விடுதியின் கொடுமை என்று ஒதுக்கிவிட இயலாது. போதிய பெண் பணியாளர் இருந்து, துணியும் நீரும் தடையின்றிக் கிடைத்து, பொறுமையோடு பழக்கிக் கற்றுத்தர ஓர் ஆசிரியரும் இருந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல் அது. ஆனால் பணியாளருக்கு மாதந்தோறும் ஊதியம் தரவேண்டும். அறுவைக்கோ ஒருமுறை செலவிட்டால் போதும். வன்முறையாளனைத் தடுக்கும் பொறுப்பை அரசு ஏற்கவேண்டிய இடத்தில், வன்முறையின் விளைவு வெளியே தெரியாமற்போவதே பாதுகாப்பு எனக் கொள்ளப்பட்டது. சம்மதம் கேட்கத் தக்க மனிதர்களாக அப்பெண்கள் கருதப்படவே இல்லை.

நரம்பியல் வேறுபாடு உடைய பெண்களின் உடல்நலத்தைப் பற்றி இந்தியாவில் பேசவேண்டுமானால் இந்த உண்மையிலிருந்தே தொடங்கவேண்டும். பெரும்பாலான நேரங்களில் அப்பெண்கள் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. தெரிய நேரும்போதோ, பிறர் நிர்வகிக்கவேண்டிய உடல்களாக மட்டுமே தெரிகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பெண்ணின் நலத்தை அவளுடைய உழைப்பாலும் கருப்பையாலும் அளக்கும் சமூகம், அவளது மூளை எவ்வாறு உலகை உணர்கிறது என்று கேட்கவேண்டிய தேவையைக் கண்டதே இல்லை.

சொல்லும் பொருளும்

ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு–மிகையியக்க நிலை, டிஸ்லெக்சியா முதலிய கற்றல் வேறுபாடுகள் ஆகியவை தொற்றிவரும் நோய்கள் அல்ல. குணமாகி மறைபவையும் அல்ல. பிறவியிலேயே அமைந்த, வாழ்நாள் முழுதும் தொடரும் மூளை வளர்ச்சி வேறுபாடுகள் அவை. ஒலி, ஒளி, தொடுகை, நேரம், சொல், உணர்ச்சி ஆகியவற்றை இவர்கள் பெரும்பான்மையோரினும் வேறாக உணர்கின்றனர். 1990களில் ஆட்டிசம் உடையோர் தாமே அணிதிரண்டு, தங்களைப் பழுதுபட்டவர்கள் என்று அழைக்கவேண்டாம், மனித மூளையின் பன்மையில் தாங்களும் ஒரு பகுதியினர் என்று கூறத் தொடங்கினர். நரம்பியல் பன்மை என்னும் கருத்து அவ்வியக்கத்தில் உருவானது. ஆட்டிசத்துக்குத் தமிழில் ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லும் வழங்குகிறது. மதி இறுகிவிட்டது என்ற தீர்ப்பை அச்சொல் தன்னுள்ளேயே சுமந்திருப்பதால் அதனைத் தவிர்ப்பதே தகும்.

பன்மை என்ற சொல் துன்பத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. பேச்சு வராமல், ஒருநாளின் ஒவ்வொரு மணி நேரமும் பிறர் துணை வேண்டியிருப்பவர்கள் உண்டு; பட்டம் பெற்றுப் பணிக்குச் சென்று, மாலையில் ஒரு சொல்லும் பேச இயலாமல் சோர்ந்து விழுபவர்களும் உண்டு. இருவருக்கும் வேண்டிய உதவி ஒன்றல்ல. எனினும் சமூகம் ஒரே அளவுகோலை நட்டு, அதற்கு எட்டாதவரைக் குறையுடையவர் என்று முத்திரையிடுவதே இருவருடைய இடரையும் பெருக்குகிறது. கோத்தா வேலைத்திட்டத்தைப் பற்றி 1875இல் எழுதியபோது மார்க்ஸ் சுட்டிய முரண்பாடு இங்கு நினைவுகூரத் தக்கது. மனிதர்கள் தம்முள் வேறுபட்டிருக்கையில், அனைவரையும் ஒரே அளவையால் அளக்கும் சம உரிமை உண்மையில் சமமின்மையாகவே முடியும் என்பது அவரது வாதம். மூளைகளின் வேறுபாட்டுக்கும் அது முழுதாகப் பொருந்தும்.

ஆண் குழந்தையை அளவையாகக் கொண்ட அறிவியல்

இத்துறையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் நெடுங்காலம் இரு மருத்துவர்களின் பெயரோடு தொடங்கின. அமெரிக்காவில் லியோ கான்னர் 1943இல் 11 குழந்தைகளை விவரித்தார். அவர்களுள் 8 பேர் சிறுவர்கள், 3 பேர் சிறுமிகள். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் விவரித்தவர்கள் சிறுவர்கள். ஆனால் இவ்விருவருக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே, சோவியத் நாட்டின் மாஸ்கோ நகரில், கீவில் பிறந்த குருன்யா சுகாரேவா என்னும் பெண் மருத்துவர் இதே நிலையைத் துல்லியமாக விவரித்துவிட்டார். 1925இல் ருஷ்ய மொழியிலும் 1926இல் ஜெர்மன் மொழியிலும் அவரது ஆய்வு வெளிவந்தது. 1927இல் சிறுமிகளிடம் இந்நிலை எவ்வாறு வேறாகத் தோன்றுகிறது என்றும் தனியே எழுதினார். சிறுவர்களைப் பற்றிய ஆய்வே ஆங்கிலத்துக்கு 1996இல்தான் வந்து சேர்ந்தது. சிறுமிகளைப் பற்றியது அதனினும் தாமதமாயிற்று. பெண் ஒருவர், அதுவும் சோசலிச நாட்டின் பெண் ஒருவர், சிறுமிகளைத் தனியே உற்றுநோக்கிக் கண்டது முக்கால் நூற்றாண்டுக் காலம் மேற்குலகின் மருத்துவப் பாடத்துக்குள் நுழையவில்லை.

அந்த இடைவெளியில் நோயறியும் அளவைகள் சிறுவர்களைக் கொண்டே செதுக்கப்பட்டன. நான்கு சிறுவர்களுக்கு ஒரு சிறுமி என்பது பல்லாண்டுகள் பாடமாக நின்ற விகிதம். பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளிவந்த மதிப்பீடு, உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்றை ஒட்டியிருக்கும் என்றும், சிறுமிகள் கண்டறியப்படாமல் விடுபடுகின்றனர் என்றும் கூறியது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே இருக்கக்கூடும் என்பதைக்கூட அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது.

சிறுமிகள் விடுபடுவதற்குக் காரணம் அவர்களது மூளையில் மட்டும் இல்லை. அவர்கள் வளர்க்கப்படும் முறையிலும் இருக்கிறது. வகுப்பில் பெஞ்சின்மேல் ஏறிக் குதிக்கும் சிறுவனை ஆசிரியர் கவனிக்கிறார்; பெற்றோரை அழைக்கிறார். சன்னல் வழியே வெறித்துக்கொண்டு, கேட்டது மனத்தில் தங்காமல் அமர்ந்திருக்கும் சிறுமி எவருக்கும் தொல்லை தருவதில்லை. அடக்கமும் பணிவும் பெண்ணின் குணம் என்று பயிற்றும் வீட்டில், பேசாமல் ஒதுங்கியிருப்பவள் ‘அமைதியான பிள்ளை’ என்று பாராட்டப்படுகிறாள். மாறாகத் துள்ளுபவளும் இடைமறித்துப் பேசுபவளும் ‘வாயாடி’, ‘அடங்காதவள்’ என்று தண்டிக்கப்படுகிறார்கள். அடிக்கும் வசைக்கும் அஞ்சி அவர்கள் பிறரைப் பார்த்துப் பார்த்து நடிக்கக் கற்கிறார்கள். எப்போது சிரிக்கவேண்டும், எத்தனை நொடி கண்ணைப் பார்க்கவேண்டும் என்று மனத்துள் கணக்கிட்டுக்கொண்டே வாழ்கிறார்கள். அந்த ஓயாத நடிப்பின் விலை மனச்சோர்வாகவும் பதற்றமாகவும் தற்கொலை எண்ணமாகவும் பின்னர் வந்து சேர்கிறது. மருத்துவரிடம் சென்றால் அந்த விளைவுக்கு மாத்திரை கிடைக்கிறது. அதன் வேர் கண்டறியப்படாமலே பத்து, இருபது ஆண்டுகள் கழிகின்றன.

பெண்ணுடலும் மருத்துவமனையும்

பெண்ணின் வாழ்வில் உடல் மாற்றம் நிகழும் பருவங்கள் அனைத்தும் இவ்வேறுபாடு உடையோருக்குக் கூடுதல் சோதனையாகின்றன. பூப்பெய்திய சிறுமிக்குத் தரப்படும் நாப்கினின் உரசலும் ஈரமும் வாடையும், தொடுகையைக் கூர்மையாக உணரும் ஆட்டிசச் சிறுமிக்குத் தாங்க இயலாத வதையாகலாம். அவள் அதைப் பிய்த்து எறிந்தால் ‘சுத்தம் தெரியாதவள்’ என்ற பட்டம் வந்துசேரும். ஷிரூரில் காட்டப்பட்ட காரணம் இந்தப் பட்டமே அன்றி வேறில்லை. பழைய பருத்தித் துணி அவளுக்கு ஏற்கக்கூடும். உள்ளாடையின் வகையை மாற்றினால் போதுமாகக்கூடும். படங்களின் வழியே சில மாதம் முன்னரே பழக்கினால் அச்சம் நீங்கக்கூடும். இவற்றுக்கு எந்த அரிய கருவியும் வேண்டியதில்லை. வேண்டுவது, அவளுடைய மறுப்புக்கு ஒரு காரணம் இருக்கும் என்று எண்ணிக் கேட்கும் ஒரு மனிதர்.

மாதவிடாய்ச் சுழற்சியின் இறுதி நாட்களில் ஈஸ்ட்ரோஜன் அளவு சரியும்போது, கவனத்துக்கும் ஊக்கத்துக்கும் தொடர்புடைய டோபமைனின் செயல்பாடும் மாறுகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஏடிஎச்டி உள்ள பெண்கள் பலர் அந்நாட்களில் மறதியும் எரிச்சலும் கட்டுக்கடங்காமல் பெருகுவதாகக் கூறுகின்றனர். மகப்பேற்றுக்குப் பின்னும், மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் இதே நிலை திரும்புகிறது. நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண், அதுவரை எப்படியோ சமாளித்துவந்த வேலையும் வீடும் ஒருசேரக் கைநழுவுவதைக் கண்டு திகைக்கையில், ‘இந்த வயதில் எல்லோருக்கும் இப்படித்தான்’ என்ற விடையோடு திருப்பி அனுப்பப்படுகிறார்.

பிரசவ அறையை எண்ணிப் பார்க்கவேண்டும். கண்ணைக் கூசச்செய்யும் விளக்கு, ஓயாத கூச்சல், முன்னறிவிப்பின்றி உடலைத் தொடும் பல கைகள், வலியில் கத்தினால் வசை. எந்தப் பெண்ணுக்கும் இது அவமதிப்பே. ஆட்டிசம் உடைய பெண்ணுக்கு, பேச்சையே நிறுத்திவிடும் அளவுக்கு இது பேரிடர். வலியை வழக்கமான முகக்குறியால் காட்டாத பெண்ணின் வலி இல்லை என்றே கொள்ளப்படும். பிரசவ அறைகளின் தரத்தையும் கண்ணியமான மகப்பேற்றையும் நோக்கமாகக் கூறி ஒன்றிய அரசு 2017 டிசம்பரில் ‘லக்ஷ்யா’ திட்டத்தை அறிவித்தது. கண்ணியம் என்ற சொல் சுவரொட்டியில் நின்றுவிடாமல் இருக்கவேண்டுமானால், ஒரு செவிலியர் எத்தனை பிரசவங்களைப் பார்க்கிறார் என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். ஆள் பற்றாக்குறையால் நசுங்கும் செவிலியரிடம் கனிவை மட்டும் கோருவது அநீதி. செவிலியரின் பணிநிலையும் நோயாளியின் கண்ணியமும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

சட்டம் திறந்த கதவும் விட்ட இடைவெளியும்

ஷிரூர் நிகழ்ந்தபோது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை வரையறுத்த சட்டம் எதுவும் நாட்டில் இல்லை. பின்னர் வந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமே அதனை முதலில் பெயர்சுட்டிக் கூறியது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதன் தொடர்ச்சியாகவும், உரிமை இயக்கங்கள் தில்லித் தெருக்களில் நடத்திய நீண்ட போராட்டங்களின் விளைவாகவும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் உண்டு. ஏடிஎச்டி இன்றுவரை இல்லை.

இதற்கிடையே 2009இல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடு உடைய இளம்பெண் ஒருவர் அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெண்ணோ குழந்தையைப் பெற விரும்பினார். அவருடைய சம்மதமின்றிக் கருக்கலைப்புச் செய்ய இயலாது என்றும், மகப்பேறு குறித்து முடிவெடுக்கும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் ஒரு கூறு என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்கத் தகாதவர் என்று கருதப்பட்ட ஒருவரிடம் கேட்டாகவேண்டும் என்று நாட்டின் உயர்ந்த மன்றம் கூறியது சிறிய மாற்றம் அன்று.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அறிந்து தெளிந்து தரும் சம்மதமின்றி எந்த மாற்றுத்திறனாளிக்கும் மலடாக்கும் மருத்துவச் செயல்முறை எதையும் செய்யக் கூடாது என்கிறது. ஆனால் அதை மீறுவோருக்கு என்ன தண்டனை? கட்டாயக் கருக்கலைப்புக்கு 92ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையைக் குறிக்கிறது. ‘கடுமையான குறைபாடு’ என்ற வரையறையற்ற சொல்லையும் காப்பாளரின் சம்மதத்தையும் கொண்டு அதற்குள்ளேயே விலக்கும் தருகிறது. கட்டாயக் கருப்பை அகற்றலைப் பெயர்சுட்டித் தண்டிக்கும் பிரிவு அதே சட்டத்தில் இல்லை. பொதுவான மீறல்களுக்குரிய 89ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை. பெண்ணின் உடலுறுப்பு ஒன்றைப் பறித்தலுக்குச் சட்டம் இட்டிருக்கும் விலை இதுவென்றால், தடை ஏட்டில்தான் இருக்கிறது.

எண்ணிக்கையிலும் இதே நிலை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகவும், அவர்களுள் 1.18 கோடிப் பேர் பெண்கள் என்றும் கூறியது. ஆட்டிசம் அக்கணக்கில் தனி வகையாக இல்லை. இந்தியாவின் ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு, பார்வை, செவித்திறன், வலிப்பு முதலியவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒன்றுக்கு நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடு ஏதேனும் ஒன்று இருப்பதைக் காட்டியது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெண்களாகும்போது எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. எண்ணப்படாதவருக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

தாயின் மேல் விழும் தீர்ப்பு

குழந்தைக்கு ஆட்டிசம் என்றால் முதலில் நிறுத்தப்படுவது தாய்தான். தாயின் அன்பு உறைந்துபோனதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற பொய், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்குலகில் அறிவியல் வேடம் பூண்டு உலவியது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் அதனை நூலாகவே பரப்பினார். அக்கருத்து ஆய்வுகளால் தகர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் நம் வீடுகளில் அதன் உள்ளூர் வடிவங்கள் உயிரோடு இருக்கின்றன. கருவுற்றிருந்தபோது எதைப் பார்த்தாள், எதைத் தின்றாள், ஏன் வேலைக்குப் போனாள் என்ற விசாரணையைப் புகுந்த வீடு தொடங்கிவைக்கும். பூசாரியும் சாமியாரும் அதனை முடித்துவைப்பார்கள்.

பிறகு உழைப்பு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்கு 299 நிமிடங்களைச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடங்களை. இது சராசரிக் குடும்பத்தின் கணக்கு. தூக்கமில்லாத, தொடர்ந்து கண்காணிப்பு வேண்டிய குழந்தை இருக்கும் வீட்டில் தாயின் வேலைநாளுக்கு முடிவே இல்லை. அவர் வேலையை விடுகிறார். தம் முதுகுவலியையும் இரத்தசோகையையும் மார்பில் தட்டுப்படும் கட்டியையும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறார். ஆட்டிசமும் ஏடிஎச்டியும் பரம்பரையாக வரும் தன்மை உடையவை என்பதால், அந்தத் தாய்மாருள் பலர் தாமும் அதே வேறுபாட்டோடு, பெயர் அறியாமல் வாழ்ந்துவந்தவர்களாக இருப்பர். குழந்தைக்கான பரிசோதனை அறையில் அமர்ந்து, மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தம் சிறுவயதையே விடையாகக் காணும் பெண்கள் உலகெங்கும் உள்ளனர். அவர்களுக்கான படிவம் மட்டும் அந்த மேசையில் இருப்பதில்லை.

இந்த உழைப்பைச் சமூகம் ஏற்கவேண்டும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. கேரளத்தில் ‘ஆசுவாசகிரணம்’ என்னும் திட்டம், முழுநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகையைக் கொண்டுவந்தது. தொகை மிகச் சிறிது, உயர்த்தப்படவேண்டியது. எனினும் பராமரிப்பு ஒரு உழைப்பு என்று அரசின் ஏட்டில் எழுதப்பட்டது பெரிது. ஒன்றிய அரசோ, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள கடும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியத்தில் தன் பங்காக மாதம் 300 ரூபாயையே தந்து வருகிறது.

சந்தை காட்டும் வழி

அரசு பின்வாங்கிய இடத்தில் சந்தை நுழைந்திருக்கிறது. பெருநகரங்களில் தனியார் சிகிச்சை மையங்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. எல்லாவற்றையும் குணமாக்குவதாகக் கூறும் போலிகளும் அவற்றோடு பெருகியுள்ளன. வயதுவந்த பெண் ஒருவர் முறையான மதிப்பீட்டைப் பெற மாத வருமானத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கவேண்டும். நாட்டில் லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், ஏழைப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. விளைவாக, ஒரே நிலை வசதியுள்ளவருக்கு ஏடிஎச்டி. கூலிப் பெண்ணுக்குப் ‘பொறுப்பில்லாதவள்’ என்ற வசை. தையற்கூடத்தில் இலக்கை முடிக்காதவளையும், வீட்டுவேலையில் அடுப்பை மறந்தவளையும் எவரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. வேலையை விட்டு அனுப்புகிறார்கள்.

மற்றொருபுறம், பெரும் நிறுவனங்கள் சில ஆட்டிசம் உடையோரைத் தேடிப் பணியமர்த்துவதாக விளம்பரம் செய்கின்றன. நுணுக்கமாகப் பிழை கண்டுபிடிக்கும் திறன் அவர்களிடம் உண்டு என்பது அதற்குக் கூறப்படும் காரணம். வேலை கிடைப்பது வரவேற்கத் தக்கதே. ஆனால் லாபம் தரும் மூளைக்கு மட்டும் மதிப்பு என்ற அளவுகோல் அங்கேயும் மாறவில்லை. சட்டப்படியான 4 விழுக்காடு இட ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு விழுக்காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பொதுத்துறை விற்கப்பட்டு, அரசுப் பணியிடங்கள் ஒப்பந்த முறைக்கு மாற்றப்படுகையில் அந்த ஒரு விழுக்காடும் கரைகிறது. தனியார்மயத்துக்கு எதிரான போராட்டம் இப்பெண்களின் போராட்டமும்தான்.

இயக்கத்தின் முன் உள்ள பணி

மாதர் இயக்கமும் மாற்றுத்திறனாளிகள் இயக்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து எழுப்பவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 21 வகைகளையும் பாலின அடிப்படையில் பிரித்து எண்ணவேண்டும். ஏடிஎச்டி சட்ட அட்டவணையில் சேர்க்கப்படவேண்டும். கட்டாய மலடாக்கத்துக்குச் சிறைத் தண்டனை குறிக்கப்படவேண்டும். 92ஆம் பிரிவின் விலக்கு நீக்கப்படவேண்டும். மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வயதுவந்த பெண்களுக்கான இலவச மதிப்பீடும், மகப்பேறு–மாதவிடாய்–மனநலப் பிரிவுகளின் ஒருங்கிணைந்த ஆலோசனையும் வேண்டும். பராமரிப்பாளர் உதவித்தொகையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவே குறிப்பிடுகிறது. அதனை நாடெங்கும் நடைமுறைப்படுத்தவேண்டும்.

குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் அதன் பட்டியலில் உண்டு. அதன் முதல் கண்கள் ஆஷா ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும். தன்னார்வலர் என்ற பெயரில் ஊக்கத்தொகை மட்டும் பெறும் இப்பெண்களின் தோளில் புதிய பணியை ஏற்றும் முன், அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் முறையான பயிற்சியும் தரவேண்டும். அமைதியாக அமர்ந்திருக்கும் சிறுமியையும் கவனிக்கவேண்டும் என்ற ஒரு பாடம் அப்பயிற்சியில் சேர்ந்தாலே பல்லாயிரம் வாழ்வுகள் மாறும்.

கோரிக்கைகளை அரசிடம் வைக்கும் அமைப்பு, தன் வீட்டையும் அதே கண்ணால் பார்ப்பது முறை. மாலை ஏழு மணிக் கிளைக் கூட்டம் எட்டரைக்குத் தொடங்கி, முடியும் நேரம் தெரியாமல் நீள்வது பெண் தோழர்கள் அனைவருக்குமே தடை. நேரத்தைக் கையாள்வதே பெரும் போராட்டமாக உள்ள தோழருக்கு அது மூடிய கதவு. அறிக்கையை முன்கூட்டியே எழுத்தில் தருதல், குறித்த நேரத்தில் தொடங்கி முடித்தல், சிறிய அறையில் ஒலிபெருக்கியைத் தவிர்த்தல், பேச்சில் தடுமாறும் தோழர் தம் கருத்தை எழுதித் தர இடமளித்தல் ஆகியவை செலவில்லாத மாற்றங்கள். சந்தா ரசீதுப் புத்தகத்தை மறந்துவிட்டு வரும் தோழரையும், எதிரில் நிற்பவர் முகம் பாராமல் பேசும் தோழரையும் பொறுப்பற்றவர், அக்கறையற்றவர் என்று மதிப்பிடுமுன், அவருக்கு எந்த வகையில் பணியைப் பிரித்துத் தரலாம் என்று அவரிடமே கேட்கலாம். ஆட்டிசம் உடைய பிள்ளையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வர இயலாத தோழரின் வீட்டுக்கு, இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆண் தோழரும் செல்லலாம்.

இந்தப் பெண்களுக்கு இரக்கம் காட்டும் அறக்கட்டளைகள் நாட்டில் குறைவில்லை. இரக்கம் காட்டுபவர் முடிவெடுப்பவராகவே நீடிக்கிறார். இரக்கத்துக்கு ஆளானவரின் விருப்பம் அங்கே இரண்டாம்பட்சம். இடதுசாரி இயக்கம் தரவேண்டியது வேறு. எந்தச் சட்டமானாலும், எந்தச் சிகிச்சையானாலும், எந்தத் திட்டமானாலும், அது யாருடைய உடலையும் வாழ்வையும் தொடுகிறதோ அவரிடம், அவருக்குப் புரியும் முறையில், அவருக்கு வேண்டிய நேரத்தைத் தந்து கேட்டாகவேண்டும். பேச்சால் விடை தர இயலாதவர் சைகையாலோ படத்தாலோ எழுத்தாலோ தரும் விடையும் விடையே. அதனைப் பெறும்வரை காத்திருக்கும் பொறுமையை மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் பணியிடத்திலும் கட்டாயமாக்குவது அரசியல் பணி. அதற்கான அணிதிரட்டலைக் கிளைகளிலிருந்தே தொடங்கலாம்.